மாலை போடாத படம்

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு படம் இருக்கிறது. இரவல் கோட்டுப் போட்ட ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று வயதுப் பிள்ளை ஒன்று நிற்கிறது. உட்கார்ந்திருப்பவர் என் அப்பாவைப் பெற்றவர். நிற்கிற பிள்ளைதான் என் அப்பா. பர்மாவில், எங்கள் இன்சீனில் எந்தத் தமிழர் வீட்டுக்குள் நுழைந்தாலும் இறந்தவர்கள் படத்துக்கு மாலை கிடக்கும். பூ வாங்கிக் கட்டுப்படியாகாதவர்கள் பிளாஸ்டிக் மாலையாவது போட்டிருப்பார்கள். எங்கள் படத்துக்கு மாலையும் இல்லை, பொட்டும் இல்லை. புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவுக இருக்காகளா?" என்று கேட்பார்கள். நான் காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

அவர் இன்சீன் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்தவர். சண்டைக் காலத்தில் ஜப்பான் ராணுவம் வந்ததும், சயாமுக்கு ரயில் பாதை போட என்று இரும்பு வேலை தெரிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போனது. ஒரு நாள் காலையில் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். சண்டை முடிந்தபின் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. அவர் செத்ததைக் கண்ணால் கண்டேன் என்று சொல்லவும் ஒருத்தரும் வரவில்லை. அப்பாவின் தாயார் தாலியைக் கழற்றவில்லை. ராத்திரி எல்லாரும் சாப்பிட்டானதும் ஒரு தட்டில் சோறு போட்டு மூடிவைப்பார்களாம். விடிந்ததும் அதில் தண்ணீர் ஊற்றிக் கரைத்து அவர்களே குடித்துவிடுவார்களாம். அவர்கள் காலமான அன்று, சுமங்கலியாகக் குளிப்பாட்டுவதா வேண்டாமா என்று தெருப் பெண்களுக்குள் பெரிய வாக்குவாதம். அப்பாதான் "பூவும் பொட்டுமா அனுப்புங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்.

அதற்குப் பிறகும் திதி கிடையாது, தர்ப்பணம் கிடையாது. அப்பாவுக்கு இப்போது எண்பத்தேழு வயது. நான் ஒரே மகள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்திப் பழகிய வாய் வேறு. ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் எங்கள் வீட்டில் சண்டை நடக்கும்.

"நீங்களும் போய்ட்டா அவருக்கு யாரு எள்ளுந்தண்ணியும் எறைப்பா? மகன் நீங்க இருக்கீங்க. உங்களுக்கு அப்புறம் யாருப்பா இருக்கா?"

"சேதி வரட்டும்."

"இனிமே யாரு கொண்டு வருவா?"

"அவுக வர்றேன்னுதான சொன்னாக."

அவுக. தகப்பனாரைப் பற்றிப் பேச வந்தால் அப்பாவுக்கு இந்த ஒரு சொல்தான். தாயார் புருஷனைக் குறிப்பிட்ட விதத்தையே பிள்ளையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'அப்பா' என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதேயில்லை. ஜப்பான்காரர்கள் மீது அவர் கோபப்பட்டும் பார்த்ததில்லை. அது எனக்கு வெகுநாள் புரியாமல் இருந்தது. கோபப்பட்டால் அவர்கள் தகப்பனாரைக் கொன்றுவிட்டார்கள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், அதனால்தான் என்று பிறகு எனக்குத் தோன்றியது.

எங்கள் சந்தில் குடியிருக்கும் பர்மியப் பெண் ஒருத்தி ஜப்பான் மொழி படித்து, வருகிற பயணிகளுக்கு ஊர் காட்டுகிறாள். சண்டைக்கு முன்னால் யாங்கோன் நகரத்தின் கீழ்ப்பக்கம், ஆற்றை ஒட்டிய தெருக்கள் சிலவற்றில் ஜப்பான்காரர்கள் கடை வைத்திருந்தார்கள். பல் வைத்தியர், பட்டுக்கடை, படம் பிடிக்கிறவர் என்று வாழ்ந்திருக்கிறார்கள். அங்கே பயணிகளைச் சாயங்கால வேளையில் கூட்டிக்கொண்டு நடந்து, கடைசியில் ஒரு வீட்டில் ஜப்பான் சாப்பாடும் சங்கீதமுமாக முடிப்பாள். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தவள் படத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தாள். அட்டையில் ஜப்பான் எழுத்தில் முத்திரை இருந்தது. அவள் நடக்கிற தெருவில் இருந்த படக்கடையின் பெயர் அது.

"அபோ, நீங்களும் ஒரு நாள் வாங்களேன்," என்று அப்பாவிடம் பர்மியத்தில் கேட்டாள். அபோ என்றால் தாத்தா. அப்பா மறுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார்.

ஊரைச் சுற்றி ஓடுகிற வட்ட ரயிலில் போனோம். அப்பா படத்தைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டேஷனிலிருந்து டாக்சியில் போகும் வழியில், சிக்னலில் நின்றபோது மல்லிகைச் சரம் விற்கிறவள் ஜன்னலுக்கு வந்தாள். ஒரு சரம் வாங்கினேன். தலையில் வைத்துக்கொள்ளத்தான் வாங்கினேன் என்று அப்பாவிடம் சொன்னேன். மனசுக்குள் வேறு நினைப்பு இருந்தது. அந்தக் கடை வாசலில் வைத்து மெல்லப் பேச்சை எடுத்தால் மனுஷர் இளகுவார், படத்துக்கு அந்தப் பூவைப் போட்டுவிடலாம் என்று நம்பினேன்.

ஜப்பானிலிருந்து வந்த நாலைந்து பேர், எல்லாரும் வயதானவர்கள், எங்களுக்காகத் தெருமுனையில் காத்திருந்தார்கள். அப்பாவின் நடைக்கு ஏற்றபடி எல்லாரும் மெதுவாக நடந்தார்கள். தெருவில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லை. கடைக்குக் கடை ஜெனரேட்டர் நடைபாதையில் நின்று உறுமியது. அதற்கு மேலாகக் குரல் உயர்த்தி அந்தப் பெண் ஒவ்வொரு கட்டடமாகக் காட்டினாள். பல் வைத்தியர் இருந்த மாடியில் இப்போது துணி காய்ந்தது. பட்டுக்கடையில் டயர் விற்றார்கள்.

படக்கடை இருந்த இடத்தில் போன் ரிப்பேர் செய்கிறார்கள். அப்பா படத்தை வெளியே எடுத்தார். ஜப்பான்காரர்கள் அதை ஒருவர் கையிலிருந்து ஒருவர் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்கள். ஒருவர் என்னவோ கேட்க, அந்தப் பெண் அப்பாவிடம் பர்மியத்தில் சொன்னாள்:

"இவர் உங்க அப்பாவான்னு கேக்குறார். இப்ப எங்க இருக்கார்னு..."

அப்பா படத்தை வாங்கிப் பையில் போட்டார். "வெளியூர் போயிருக்காக" என்று தமிழில் சொன்னார். அதை மொழிபெயர்க்கச் சொல்லி அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. நடுத்தெருவில் கத்தியிருப்பேன். பொத்தான் போட்டிருந்தும் காலர் அப்பாவின் மெலிந்த கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று நின்றது. அதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். பூவை எடுக்கவேயில்லை.

சாப்பாட்டு வீடு பக்கத்துச் சந்தில், மாடியில். வெகு காலமாக இந்த ஊரிலேயே தங்கிவிட்ட ஜப்பான் அம்மாள் ஒருவர் நடத்துகிறார். எழுபது வயதிருக்கும். பர்மியம் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அப்பாவால் தரையில் உட்கார முடியாது என்று அவராகவே ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். சுட்ட மீன், சோறு, சோயா களியில் வைத்த சூப், மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய். அப்பா மீனை மட்டும் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார்.

நாங்கள் சாப்பிட ஆரம்பிக்கும் முன்பே அந்த அம்மாள் சுவரோரமாக ஒரு சின்னத் தட்டில் தனியாகச் சோறும் மீனும் சூப்பும் வைத்தார். சோற்றுக் கிண்ணத்துக்கு மூடி போட்டார். அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. படையல். அதுவும் இவர் முதலிலேயே எடுத்து வைத்துவிட்டார், நம் ஊர் வழக்கம்தான். நான் எழுந்து போனேன். பையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்துத் தட்டைச் சுற்றி வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். "யார் போய்ட்டாலும் சோறு வெக்கிறது எல்லா ஊர்லயும் இருக்குப்பா. பாத்தீங்களா?" என்று அப்பாவைப் பார்த்துச் சொல்லவும் செய்தேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்த நினைப்பு எனக்கு.

அந்த அம்மாள் என் பக்கத்தில் வந்து மண்டியிட்டு, சரத்தை இரண்டு கையாலும் எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"மன்னிச்சுக்கங்க, டீச்சரம்மா. இது செத்தவங்களுக்கு இல்லை. வழியில இருக்கவங்களுக்கு. தூரம் போயிருக்கிறவங்க பட்டினி கிடக்கக்கூடாதுன்னு வீட்டுல வெக்கிற சாப்பாடு. பூ வெச்சா செத்துட்டாங்கன்னு ஆகிடும்."

எனக்கு முகம் எரிந்தது. அப்பாவின் கை சோற்றின் மேலேயே நின்றுவிட்டது.

"யாருக்கு வெச்சிருக்கீங்க?" என்று பர்மியத்தில் கேட்டார்.

"எங்க அம்மாவோட அண்ணனுக்கு. ராணுவத்துல இந்த ஊருக்கு வந்தவர். திரும்பி வரலை. எங்க பாட்டி வெச்சாங்க, அப்புறம் அம்மா, இப்ப நான். அதுக்காகத்தான் இந்த ஊர்லயே இருக்கேன்னு வெச்சுக்குங்க."

அந்த மனிதரும் அந்தப் பாதை வேலைக்குத்தான் போனாரோ என்னவோ. அப்பா கேட்கவும் இல்லை, அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை. "எங்கம்மாவும் வெச்சாங்க," என்றார் கடைசியில். "இன்சீன்ல. தட்டுல போட்டு மூடி."

பிறகு வாத்தியம் வாசித்தார்கள். நீளமான மரப்பலகையில் நரம்புகள் கட்டிய ஜப்பான் வாத்தியத்தை அந்த அம்மாள் விரலில் நகம் மாட்டிக்கொண்டு மீட்டினார். பர்மியப் புல்லாங்குழல்காரர் ஒருவர் கூடவே ஊதினார். நடுவில் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் போட எழுந்தவரை உட்காரும்படி கைகாட்டிவிட்டு அந்த அம்மாள் இருட்டிலேயே வாசித்தார். யாரோ மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ரொம்ப மெதுவான பாட்டு. ஒவ்வொரு நரம்பும் அடங்கிய பிறகே அடுத்ததைத் தொட்டார். அப்பா படப்பையை மடியில் வைத்து அதன் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தார்.

பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் மெழுகுவர்த்தியோடு அந்தத் தட்டுக்கு அருகில் போய்ச் சோற்றுக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தார். உட்புறத்தை வெளிச்சத்தில் காட்டினார். முத்து முத்தாகத் தண்ணீர்.

"மூடியில இப்படித் தண்ணி இருந்தா போனவங்க நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்," என்றார். "எங்க பாட்டி தினமும் திறந்து பார்ப்பாங்களாம். ஒரு நாள்கூட மூடி காய்ஞ்சு இருந்ததில்லைன்னு அம்மா சொல்லுவாங்க."

ஜப்பான்காரர்கள் தலை குனிந்துகொண்டார்கள். அப்பா அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

"சுடுசோத்தை மூடுனா வேர்க்கத்தானம்மா செய்யும்."

அந்தக் குரலை நான் முன்னால் கேட்டதில்லை. இத்தனை வருஷமாக நான் கத்திக் கத்திச் சொன்னதை அவராகச் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. அந்த அம்மாளுக்கு நாங்கள் பேசியது புரியாவிட்டாலும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தச் சோற்றை எடுத்து, அது வீட்டு ஆள்கள் சாப்பிட வேண்டியது என்று சொல்லி, பாதியைத் தன் கிண்ணத்திலும் பாதியை அப்பாவின் கிண்ணத்திலும் போட்டார். அப்பா ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

டாக்சியில் திரும்பினோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அப்பா சொன்னார்:

"காலையில மார்க்கெட்டுக்குப் போனா ஒரு மாலை கட்டி வாங்கிட்டு வா. படத்து அளவுக்கு. கையில இருக்க சரம் பத்தாது."

மறுநாள் அவர் எனக்கு முன்பே எழுந்து குளித்துத் திருநீறு பூசியிருந்தார். மார்க்கெட்டிலிருந்து மாலையோடு வந்ததும் படத்தை நான் இறக்கிக் கொடுத்தேன். கண்ணாடியைத் துண்டால் துடைத்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். கோட்டுப் போட்டவரின் நெற்றியில் சந்தனம் வைத்தார். பக்கத்தில் நின்ற பிள்ளை மேல் படாமல் ரொம்ப ஜாக்கிரதையாக வைத்தார். மாலையை இரண்டு கையாலும் எடுத்தார். நான் உதவப் போனேன், தள்ளிவிட்டார். ஒருவழியாகப் போட்டு முடித்து, படத்தைக் கைநீட்டித் தள்ளிவைத்துப் பார்த்தார்.

"அப்பா" என்றார்.

முதலில் மெதுவாகத்தான் சொன்னார். பிறகு சத்தமாக. பிறகு நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அப்பா, அப்பா" என்று அடிவயிற்றிலிருந்து அழுதார். எண்பத்தேழு வயது மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அவரைத் தேற்றத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா தலைமுடியை முடிந்துகொண்டே ஓடிவந்தாள். வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்:

"ஐயோ, யாரும்மா தவறிட்டாக?"

"எங்க தாத்தா" என்றேன்.