நான் ரிவர்ஸ் காட்டிய வண்டி

போன மாதம் ஒரு திருடனுக்கு உதவி செய்தேன். சும்மா இல்லை... ஓடிப்போய், கையை ஆட்டி, "வா வா... லெஃப்ட்ல ஒடி... போதும், போதும்!" என்று கத்தி, பத்திரமாக வழியனுப்பி வைத்தேன்.

திருடு போனது என் கூட்டாளி அந்தோணியின் வண்டி.

மரக்காணம் உப்பளத்தில் நாங்கள் இருவரும் லோடு ஓட்டுகிறவர்கள். நான் ஓட்டுவது முதலாளி வண்டி. அந்தோணியும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். பிறகு மனைவி செலினின் வளையலை விற்று, சொந்தமாக ஒரு மினி லாரி வாங்கினான். கூடவே ஒரு புத்தகம் கொடுத்தார்கள் — மேனுவல். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன். படம் மட்டும் பார்த்தேன். செலின் வரி வரியாகப் படித்துச் சொல்ல, அந்தோணி கேட்டுக்கொண்டான்.

"டேய், சாவிக்குள்ள சிப் வெச்சிருக்கான்டா. இது இல்லாம எந்தக் கொம்பனும் வண்டிய ஸ்டார்ட் பண்ண முடியாது."

"அப்ப தொலைஞ்சா நீயே ஸ்டார்ட் பண்ண முடியாது. நல்லா வாங்கினே போ!"

உப்பளத்தில் ஒரு பழக்கம் உண்டு. பாத்திகளுக்கு நடுவே போகிற கரை ஒரு வண்டி அகலம்தான். முன்னால் நிறுத்தியவன் கஞ்சி குடிக்கப் போயிருந்தால், பின்னால் வருகிறவன் ஏறி அந்த வண்டியை ஒதுக்கிவிட்டுப் போவான். அதனால் யாரும் சாவியை எடுப்பதில்லை. எடுத்தால் மொத்த வரிசையும் நிற்கும்.

அந்தோணி எடுத்தான். பிளாஸ்டிக் கவரில் சுற்றி, கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். என் வாய் சும்மா இருக்குமா... விடுவேனா?

"ஏம்பா, எல்லாரும் ஒதுங்குங்க! கலெக்டர் கார் சாவி வருது!"

உப்பு வாரும் பெண்களெல்லாம் சிரித்தார்கள். ஒருநாள் அவன் வண்டிக்குப் பின்னால் நாலு வண்டி மாட்டிக்கொண்டது. ஆளாளுக்குத் திட்டினார்கள். நான்தான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டேன்.

"ஏன்டா, கூட வேலை செய்யுற நாங்களா உன் வண்டியத் திருடப் போறோம்?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. "நான் அப்படிச் சொல்லலடா" என்றான். மறுநாளிலிருந்து சாவி வண்டியிலேயே இருந்தது.

மூன்றாவது நாள், பத்து மணி வெயில். உப்பு அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் அந்தோணி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் அவன் வண்டி ரிவர்ஸில் வந்தது. எவனோ ஒதுக்குகிறான் என்று நினைத்தேன். பின்சக்கரம் கரை ஓரத்துக்கே போய்விட்டது. பாத்தியில் இறங்கினால் வண்டி புதைந்துவிடுமே! அந்தோணி வண்டியாயிற்றே என்றுதான் ஓடினேன். கை காட்டினேன். வண்டி அழகாகத் திரும்பியது.

"தேங்க்ஸ்ண்ணா" என்று ஒரு குரல். வண்டி ஈ.சி.ஆர். ரோட்டுப் பக்கம் போய்விட்டது.

அப்போதே உறைத்திருக்க வேண்டாமா? எங்கள் உப்பளத்தில் எவன் எவனுக்கு தேங்க்ஸ் சொல்லியிருக்கிறான்?

ஸ்டேஷனில் ஏட்டு கேட்டார். "யாராவது பாத்தீங்களா?"

"நான் பாத்தேன் சார். ரிவர்ஸ் காட்டினேன்."

"ஆள் எப்படி இருந்தான்?"

"தெரியலீங்க... நான் டயரைத்தான் பாத்தேன்."

ஏட்டு சிரித்துவிட்டார். அந்தோணி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கை காட்டிய விஷயம் அவனுக்கு அப்போதுதான் தெரியும்.

வண்டியோடு கொடுத்த இரண்டு சாவியையும் இன்சூரன்ஸ்காரர் கேட்டார். அந்தோணியிடம் இருந்தது ஒன்று. "இன்னொண்ணு தொலைஞ்சு போச்சுன்னு சொல்லுடா" என்று அவன் காதில் ஓதினேன். அவனுக்குப் பொய் வரவில்லை. "வண்டியிலயே வுட்டுட்டேங்க" என்றான். அப்புறம் ஒரு கடிதம் வந்தது. சாவியை வண்டியில் விட்டது உங்கள் கவனக்குறைவு, பணம் தர முடியாது என்று. செலின் பாதி படித்தாள். மீதியைப் படிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஒருத்தன் மூக்கைக் கிண்டல் பண்ணுங்கள், நடையைக் கிண்டல் பண்ணுங்கள். ஜாக்கிரதையாக இருக்கிறவனை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்போது அந்தோணி என் முதலாளி வண்டியில் லோடுமேன். மூட்டை ஏற்றிவிட்டு என் பக்கத்து சீட்டில் பேசாமல் உட்கார்ந்து வருகிறான். நேற்று தாங்காமல் கேட்டே விட்டேன்.

"டேய், ரெண்டு அறை வுடுடா. வாய்க்கு வந்தபடி திட்டவாவது திட்டுடா."

அவன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். "வுட்றா. உன் வண்டின்னா நானும்தான் ஓடிப்போய்க் கை காட்டியிருப்பேன்."

அதைச் சொன்னதற்குப் பதில் அவன் என்னை அறைந்திருக்கலாம்.