இரண்டு பேர் தனித்தனியே செய்த குரல்

நேற்றுப் புத்தளத்தில் கணினி திருத்தும் கடையொன்றில் நின்றேன். பழைய பெட்டியொன்றைக் கழற்றினார்கள். சூடேறிய தூசு மணத்தது.

என் முதல் வேலையின் மணம் அது. நான் படிப்பித்த கணினி வகுப்பில் யாரோ அன்பளிப்பாகத் தந்த பெட்டிகள். அவற்றில் ஓடியது, பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத ஓர் இலவச இயங்குதளம். அப்போது என் அக்காவுக்கு, ராத்தா என்போம், பார்வை போயிருந்தது. யாராவது பேப்பர் வாசித்துக் காட்டுவார்களா என்று காத்திருப்பாள். தமிழை உரக்க வாசிக்கும் மென்பொருளொன்று இணையத்தில் இருந்தது. எவரும் எடுத்து மாற்றலாம். ஆனால் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளத்துக்கு எழுதியது, எங்கள் பெட்டியில் வாய் திறக்காது. நானே மாற்றுகிறேன் என்று இறங்கினேன். வேறு யாரும் செய்கிறார்களா என்று கேட்கத் தோன்றவில்லை. உலகத்தில் நான் ஒருவன்தான் என்ற நினைப்பு!

தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரிக்க வைக்கவே ஒரு மாரிகாலம் போனது. பிறகு ஒலியில் முட்டிக்கொண்டேன். மாதக்கணக்கில் மல்லுக்கட்டியும் ஒரு முனகல்கூட வரவில்லை. கடைசியில் ஓர் இணைய மன்றத்தில் கேட்டேன். மறுநாளே பதில், அண்ணனை அழைப்பதுபோல் 'நானா' என்று.

"நானா, சத்தம் எனக்குச் சரி. எழுத்துத்தான் சிக்கிட்டு. நீங்க எந்த ஊரு?"

புத்தளம் என்றேன்.

"அல்லாஹ்! நான் பக்கத்துல கற்பிட்டி."

அவன் பெயர் ரிஸ்லான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பஸ்ஸில் வந்தான். என் எழுத்தையும் அவன் ஒலியையும் சேர்த்தோம். மாலை அசர் தொழுகைக்கான பாங்குக்கு முன்னமே பெட்டி பேசியது. மூக்கால், 'ழ' வராமல், எங்கள் ஊர்க்காரரைப் போலவே. நான் சிரித்தேன். ராத்தா கதிரையின் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி, "இன்னொருக்கா சொல்லச் சொல்லு" என்றாள்.

ரிஸ்லான் சிரிக்கவில்லை. யாருக்காகச் செய்தாய் என்று கேட்டேன்.

"வாப்பாக்கு. கண் தெரியாம படுக்கையில கிடந்தாரு. நோம்புக்கு முந்தி நாம சந்திச்சிருந்தா கேட்டிருப்பாரு நானா. பெருநாள் முடிஞ்ச கையோட மௌத்தாகிட்டாரு."

தந்தையை இழந்தவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இனி எவரும் இப்படி இரட்டை வேலை பார்த்து மினக்கெடக் கூடாதென்று, செய்ததை எல்லாம் அந்த மன்றத்தில் போட்டோம். மென்பொருளை முதலில் எழுதியவருக்கும் அனுப்பினோம், தன் பதிப்பிலேயே சேர்த்துக்கொள்ளட்டும் என்று. பதில் இல்லை. அவர் அதை எப்போதோ கைவிட்டிருந்தார். இயங்குதளத்தின் அடுத்த பதிப்பு வந்ததும் குரல் ஊமையானது. ஒலி அவன் பங்கு; திருத்துவோமா என்று ரிஸ்லானைக் கேட்டேன். "யாருக்கு நானா?" என்றான். கட்டாருக்குப் போனவன் பிறகு எழுதவே இல்லை. ராத்தாவும் காலமாகிவிட்டாள். மன்றத்தையும் மூடிவிட்டார்கள், எங்கள் பழைய பெட்டிகளும் குப்பைக்குப் போயின. எங்கள் வேலையில் ஒரு வரியும் மிஞ்சவில்லை. எங்கோ ஒருவர் தன் வாப்பாவுக்காக இன்று அதைத் தொடங்கினாலும், முதல் எழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.