ஒரு வகுத்தலுக்கு ஒரு வழவழப்பு

எண்பதுகளில், எம்.எஸ்ஸி. கடைசி வருடம், எங்கள் கணிதத் துறை செமினார்களை ஏற்காட்டில் ஒரு ஓட்டலின் சாப்பாட்டுக்கூடத்தில் நடத்தியது. சேலத்துக்காரர்கள் ஸ்வெட்டரோடு வந்து இறங்கினார்கள். மலை ஊர்களான நாகலூரிலிருந்து நானும், வாழவந்தியிலிருந்து வகுப்புத் தோழியும் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம். செமினாரில் தேறாதவர் பரீட்சை எழுத முடியாது. எனக்கு இது இரண்டாவது வாய்ப்பு, மூன்றாவது கிடையாது.

கேள்வியை முன்பே ஏற்பாடு செய்துகொள்வது எங்கள் வகுப்பின் வழக்கம். பேசுகிறவர் எழுதிக் கொடுப்பார், நண்பர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்பார். என் கேள்வியைத் தோழியிடம் கொடுத்திருந்தேன்: "பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாதே, அந்த இடத்தில் என்ன மதிப்பு வைப்பீர்கள்?" பதில் எனக்குத் தலைகீழாகத் தெரியும்.

கரும்பலகையில் தேற்றத்தை எழுதினேன். ஒரு சார்பு பூஜ்ஜியத்தில் பூஜ்ஜியமாகிறது. அதை ஒரு முறை வகையிட முடிகிறது. அதை எக்ஸால் வகுத்தால், வருவதையும் ஒரு முறை வகையிடலாம். எத்தனை முறை வகையிட முடிகிறதோ அத்தனை வழவழப்பு; வகுத்தாலும் அது குறையவே குறையாது என்று அடித்துச் சொன்னேன்.

தோழி எழுந்தாள். சீட்டைப் பார்க்கவில்லை.

"வலப்பக்கம் எக்ஸ் வர்க்கம், இடப்பக்கம் மைனஸ் எக்ஸ் வர்க்கம்னு ஒரு சார்பு எடுத்தா என்னங்க ஆகும்?"

"அதுக்கும் பொருந்தும்" என்றேன்.

"வகுத்துக் காட்டுப்பா" என்றார் பேராசிரியர்.

வகுத்தேன். வலப்பக்கம் எக்ஸ், இடப்பக்கம் மைனஸ் எக்ஸ். வரைந்தால், நடுவில் கத்தி முனைபோல ஒரு மூலை. அங்கே வகையிட வழியே இல்லை. ஸ்வெட்டர்கள் சிரித்தன.

"தேற்றம் செத்துப்போச்சு. பொழைக்க வைக்க முடியுமா?" என்றார் பேராசிரியர்.

பலகைப் பக்கம் திரும்பினேன். பிறகு நிபந்தனையில் இருந்த 'ஒரு முறை'யை அழித்து, 'இரண்டு முறை' என்று எழுதினேன். "ஒரு தடவ வகுத்தா ஒரு வழவழப்பு போயிருதுங்க சார். கையில ஒண்ணு கூடுதலா இருக்கோணும்."

"இதைப் படிச்சுட்டு வந்தியா?"

"இல்லீங்க சார். இப்பத்தான் தோணுச்சு."

"தெரியுது. இவ்வளவு நேரத்துல இது ஒண்ணுதான் ஒப்பிக்காம வந்துச்சு. பரீட்சைக்குப் போ."

வெளியே வந்ததும் தோழியைப் பிடித்தேன். "ஏனுங்க, சொன்ன கேள்விய விட்டுப்போட்டு இப்படியா பண்ணுவீங்க?"

"நானென்ன பண்ணட்டுங்க? நெசமாவே சந்தேகம் வந்துருச்சு."

அவள் முகத்தில் துளி வருத்தம் இல்லை.