இனிக்கும் கோழிக்கறி

இந்த நாட்டில் கறி இனிக்கும் என்று எழுதினால் திருகோணமலையில் யார் நம்பப்போகிறீர்கள்? என் கணவர் வேலை செய்யும் சீனச் சாப்பாட்டுக் கடையில் கோழித்துண்டை மாக்கரைசலில் தோய்த்து, எண்ணெயில் பொரித்து, சிவப்பாக மினுங்கும் ஒரு சாற்றை மேலே ஊற்றிக் கொடுப்பார்கள். ‘சுவீட் அண்ட் சவர் சிக்கன்’ என்று பெயர். விற்காமல் மிஞ்சியதை இவர் ஒரு பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவருவார். முதல் நாள் வாயில் வைத்தபோது யாரோ பகிடிக்குச் சீனி போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு பழகிவிட்டது. சலவைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவளுக்கு, குசினிக்குள் போகாமல் ஒரு கறி கிடைப்பதே பெரிய காரியம். லண்டனுக்கு வந்த இந்த நான்கு வருடத்தில் நான் ஒழுங்காகப் பழகிய ஒன்று களைப்புத்தான்.

ஊரில் கோழி தினமும் தின்கிற சாமான் இல்லை. லிங்கநகரில் இருந்தவரை எங்களுக்கு மீன்தான். சூடையும் பாரையும் மலிவு. மருமகன் வந்தால் கோழி அடிப்போம், இல்லாவிட்டால் வருத்தக்காரர் பாயை விட்டு எழும்பினால். இவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்த காலத்தில் நெருப்புக்காய்ச்சல் வந்து ஒரு மாதம் படுத்துவிட்டார். கூட வேலை செய்த ஹனீபா நானா மூதூரிலிருந்து லாஞ்சிப் படகில் வரும்போது ஓர் ஊர்க்கோழியைக் கொண்டுவந்தார். “தங்கச்சி, இத ரசம் வெச்சுக் குடுங்க. உடம்பு தேறும்,” என்றார். தேறியது. அடுத்த மாதமே இவர் வெயிலில் கொதிக்கும் படகுத் தட்டில் வெறுங்காலோடு நடந்து திரிந்தார். அந்தக் கால்களுக்கு ஒன்றுமே வரவில்லை.

இங்கே வந்த மூன்றாம் வருடம் இவருக்குச் சீனி வருத்தம் என்றார்கள். அதற்கு நம் ஆட்கள் பிடிக்கும் பத்தியம் உங்களுக்குத் தெரியும்: சோற்றைக் குறை, தேத்தண்ணீருக்குச் சீனி போடாதே. கறிக்குள் யாராவது சீனியைத் தேடுவார்களா? நான் சோற்றை அடியோடு நிறுத்தினேன். மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்த மனிதர் வெறும் சோற்றுக்கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காண எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் கடைக்கோழியை இரண்டு மடங்காக வைத்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு தாதி, என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டாள். “நோ ரைஸ், நோ சுகர். ஒன்லி சிக்கன்,” என்றேன் பெருமையாக. “வெரி குட்,” என்று எழுதிக்கொண்டாள். அவள் மனத்தில் இருந்தது அவித்த கோழி. பிறகு வேலைக்குப் போடும் சப்பாத்துக் கடித்து, இவருடைய வலது கால் பெருவிரலில் புண் வந்தது. மீன் கரப்பன், புண்ணைக் கூட்டும் என்று அதையும் நிறுத்தினேன். புண் ஆறட்டும் என்று இன்னும் கோழி கொடுத்தேன். விரல் கறுக்கத் தொடங்கியது.

விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, சாப்பாட்டுப் பத்தியம் சொல்லும் ஒரு வெள்ளைக்காரி, வீட்டில் தின்பதைக் கொண்டுவரச் சொன்னாள். மறுநாள் கோழிப்பெட்டியோடு போனேன். அவள் ஓர் உருண்டையைக் கத்தியால் பிளந்து காட்டினாள். தடித்த மாவுக்குள்ளே சுண்டுவிரல் நுனியளவு கோழி. மற்றதெல்லாம் மாவும் எண்ணெயும், மேலே சீனிப்பாகும். இதைவிட அளவாகச் சோறு தின்றிருக்கலாம் என்றாள். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என் கையால் அல்லவா தினமும் பரிமாறினேன்!

வீட்டுக்கு வந்து இவரைக் கேட்டேன். “இஞ்சேருங்கோ, அந்தச் சாறு ஆர் காய்ச்சுறது?”

“நான்தான்.”

“சீனி போடுறதோ?”

“ஓம். பை பையாக் கொட்டுறது.”

“தெரிஞ்சுகொண்டே திண்டனீங்களோ?”

“இது கூடாதோ எண்டு ஒரு சந்தேகம் இருந்ததுதான். நான் வேண்டாமெண்டா, நீர் வேலையால வந்து திரும்ப அடுப்படியில நிக்கவேணும். அதைப் பார்க்க எனக்கு ஏலாது.”

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் யாரை ஏசுவது? அவர் என் களைப்பைப் பார்த்துத் தின்றிருக்கிறார். நான் என் களைப்பினால் கேட்காமல் இருந்திருக்கிறேன். குசினிக்குள் போய் அழுதேன்.

விரலை எடுத்துவிட்டார்கள். மறுநாள் கட்டிலருகே இருந்தபோது, “எடுத்த விரலை என்ன செய்வினமாம்? கேட்டுச் சொல்லும்,” என்றார். நான் தாதியிடம் கேட்டேன். கால் நோகிறதாக்கும் என்று அவள் குளிசையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு விளங்கிக்கொண்டு, எரித்துவிடுவார்கள் என்றாள். அதை இவரிடம் சொன்னேன். செத்தால் திருகோணமலையில்தான் எரிக்கவேண்டும் என்று ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளிலேயே சொன்ன மனிதர்.

“அப்ப கொஞ்சம் இஞ்சை எரிஞ்சிட்டுது,” என்றார். “மிச்சத்தையாவது ஊருக்குக் கொண்டுபோம்.”

ஓம் என்றேன். எப்படி என்று எனக்குத் தெரியாது.