காதில் நிற்காத அக்கா

என் அக்கா ஓடுகிறவள். நான் தூங்குகிறவள். நாற்பது வயதுவரை இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை. அவள் பள்ளிப்பட்டில் விளையாட்டு ஆசிரியை. விடிவதற்குள் ஏரிக்கரையில் ஓடி முடித்துவிட்டு, திருத்தணியில் போர்த்திப் படுத்திருக்கும் என்னைப் போனில் எழுப்பித் திட்டுவாள்.

போன வருஷம் அந்தக் கரையிலேயே இடறி விழுந்து, முட்டியில் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். இவள் நடக்கவில்லை. தன் புருஷன், அதாவது என் பாவாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்துப் பாத்ரூம் போவாள், திரும்பிவந்து படுப்பாள். பயிற்சி சொல்லித்தர வந்த பெண்ணை அழவைத்து அனுப்பினாள். கேட்டால் வலி என்பாள். எனக்குத் தெரியும், அது பயம். இப்படியே விட்டால் அந்தக் கால் சூம்பிப்போகும் என்று எனக்கும் பயம்.

எங்கள் ஊர் மலைகளின் பின்பக்கம் பாறையும் முள்ளுமாகக் கிடக்கிற பாதையில் ஒரு மலையோட்டம் நடத்துகிறார்கள். அக்கா விழுவதற்கு முன்பே பெயர் கொடுத்திருந்தாள். அவளுக்குப் பதில் நான் ஓடுகிறேன் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கட்டில் குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கணக்காகப் பேசினாள்.

"ஓட்டம் முடியிற வரைக்கும் நான் போன்ல உன் காதுல இருக்கணும். லைன் கட்டாவக் கூடாது. முடிச்சிட்டு வா, நான் இந்தக் கால ஊணுறேன்."

ஒரு காதில் மட்டும் ஹெட்போன் மாட்டிக்கொள்ளலாம் என்பது ஓட்டம் நடத்துகிறவர்களின் விதி. எனக்கு அந்த ஒன்றே நிற்கவில்லை. முதலில் வாங்கிய ஒயரில்லாத குமிழ் மாதிரியானது, ஓடிப் பழகப் போன அன்று நான் முதல் கல்லைத் தாண்டியதும் சட்டைக்குள் போய்விட்டது. அக்கா என் வயிற்றிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து செல்போன் கடைக்காரர், காதைச் சுற்றி வளைத்து மாட்டுகிற வகை ஒன்றை எடுத்தார். தன் காதிலேயே மாட்டிக்கொண்டு அருள் வந்தவர் போலத் தலையை ஆட்டிக் காட்டினார். அவர் காதில் நின்றது. என் காது அவர் காது இல்லையே.

யோசித்து யோசித்து மாட்டலுக்கு வந்தேன். ஜிமிக்கியின் பாரம் காதை இழுக்காமலிருக்க, காதிலிருந்து கூந்தலுக்குத் தூக்கிக் குத்துவோமே, அந்தச் சங்கிலிதான். கல்யாணத்துக்குப் போட்ட கவரிங் மாட்டல் ஒன்று பீரோவில் கிடந்தது. அதை ஹெட்போன் வளையத்தில் கோத்து, மறுமுனையைக் கொண்டையில் குத்தினேன். மொட்டை மாடியில் குதித்தேன். குனிந்தேன். கீழ்வீட்டுக்காரர்கள் வந்து என்ன ஆச்சு என்று கேட்கும்வரை குதித்தேன். அக்கா அசையவில்லை. உலகத்தில் யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டது என்று மூன்று மாதம் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

ஓட்டத்துக்கு முந்தின நாள் பாவா போன் செய்தார். அக்கா ஆபரேஷன் தியேட்டரில் இருந்தபோது, நல்லபடியாக வந்தால் முடி கொடுக்கிறேன் என்று முருகனுக்கு வேண்டியிருந்தேன். அந்த வேண்டுதலைப் பாக்கி வைத்துக்கொண்டு அவன் மலையிலேயே ஓடப் போகிறாயா என்று கேட்டார். கேட்டது நியாயமாகப் பட்டது. உடனே மேலே போய், மொட்டை போட்டு, சந்தனம் பூசி, மனம் நிறைந்து கும்பிட்டேன். இறங்கும்போது காற்று ஜில்லென்று இருந்தது. சுகமாகத் தலையைத் தடவினேன். அப்போதுதான் புத்திக்கு எட்டியது. மாட்டலைக் குத்த ஒரு மயிர்கூட இல்லை.

காலையில் சந்தனத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு, போனை மேல்கையில் பட்டி போட்டுக் கட்டி, ஹெட்போனைக் காதோடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். ஓட்டம் தொடங்கும் இடத்தில் நின்ற ஒருவர் என் தலையைப் பார்த்துவிட்டு, கோவிலுக்கு அந்தப் பக்கம் போகணும் என்று மரியாதையாக வழி காட்டினார். நம்பர் துணியைத் திருப்பிக் காட்டினேன். அவர் என் காதைப் பார்த்தார். தள்ளி நின்று வழிவிட்டார்.

ஏற்றம் முழுக்க அக்கா காதில் இருந்தாள். மூச்சை மூக்கால் இழு, தோளை இறக்கு, பக்கத்தில் யார் போகிறார்கள், அவர்களை முந்து. நானும் முனகிக்கொண்டே பதில் சொன்னேன். உச்சியைத் தாண்டியதும் வியர்வையில் பிளாஸ்திரி நழுவியது. அழுத்தினேன், மறுபடி நழுவியது. எதிரே செங்குத்தான பாறை இறக்கம். இரண்டு கையையும் ஊன்றாமல் இறங்க முடியாது. கையில் பிடிக்க வழியில்லை, உடையில் பை இல்லை, கீழே விட்டால் முட்புதர். ஹெட்போனைப் பல்லில் கவ்விக்கொண்டேன்.

இனி அவள் சொல்வது எனக்குக் கேட்காது. நான் விடும் மூச்சு மட்டும் அவளுக்குக் கேட்கும். லைன் கட்டாகவில்லை, அது போதும் என்று இறங்கினேன். பாதிப் பாறையில் சறுக்கி உட்கார்ந்தபடியே கொஞ்ச தூரம் போனேன். வாயைத் திறக்க முடியாமல் அலறினேன். அதன்பிறகு முடிவுக் கோடுவரை நொண்டிக்கொண்டு ஓடினேன். எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை, வர ஆளும் இல்லை.

கோட்டைத் தாண்டியதும் எச்சிலைத் துடைத்து ஹெட்போனைக் காதில் வைத்தேன். பாவாவின் குரல்தான் வந்தது. அக்கா எங்கே என்றேன்.

"இங்க இல்லம்மா. நீ அலறுன பாரு, அப்புறம் எவ்ளோ கூப்ட்டும் பதிலே இல்ல. நீ பாறையில உழுந்துட்டன்னு, சொவத்தப் புடிச்சிகினு எறங்கிப் போயிட்டா. ரோட்டுல நின்னுகினு திருத்தணிக்கு ஆட்டோ கேட்டுகினு கீறா."

"எந்தக் கால்ல நிக்கிறா?"

அவர் வாசலுக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். போனில் ரோட்டு ஹாரன் சத்தம் கேட்டது.

"ரெண்டு கால்லயும்தாம்மா."

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, மொட்டைத் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அழுதேன். கால் பிடித்துக்கொண்டது என்று நினைத்து ஓட்டம் நடத்துகிறவர்கள் ஓடிவந்து என் இரண்டு முட்டியிலும் வலி ஸ்ப்ரே அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.