சாலமோன் உபதேசியாரின் கடைசி அத்தியாயம்

யோனத்தான் சார் போய்விட்டார். இன்று விடியற்காலையில், தருமபுரியில், அவர் வீட்டிலேயே.

செய்தி கேட்டதும் அழுகை வரும் என்று நினைத்தேன். எரிச்சல்தான் வந்தது... இந்த மனிதரோடு எனக்கு ஒரு சண்டை இன்னும் முடியாமல் கிடக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரிட்டயர்டு வாத்தியார். இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊழியர்களின் வாழ்க்கையைச் சின்னச் சின்னப் புத்தகங்களாக எழுதியவர். சர்ச் வாசலிலும் கன்வென்ஷன் பந்தலிலும் விற்கும்.

அத்தனையும் டைப் செய்தது நான், என் டிடிபி கடையில். நான் சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை. ஆனாலும் எந்த உபதேசியார் எந்த ஊரில் கல்லடி வாங்கினார் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

அவரோடு வேலை செய்வது இருக்கிறதே... அப்பப்பா. ஒரு வாக்கியத்துக்கு மூன்று ஆச்சரியக்குறி போடுவார். நான் இரண்டை எடுத்தால் ப்ரூஃபில் நான்காகத் திரும்பி வரும்.

பிரிண்டுக்குப் போன பிறகு போன் வரும். "ஏம்மா, ஒரே ஒரு பாரா சேக்கணும்மா..." அந்த ஒரு பாரா இரண்டு பக்கம் ஓடும்.

விசுவாசத்தை ஆதரித்து ஒரு கேள்வி-பதில் புத்தகமும் எழுதினார். அது டைப் ஆகிக்கொண்டிருந்தபோது ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர், ஸ்க்ரீனைப் பார்த்துவிட்டு, "கடவுள் இருந்தா கொள்ளைநோய் எதுக்குங்க வருது?" என்று கேட்டுத் தொலைத்தார்.

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கேட்டவர் ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு பஸ் பிடித்துப் போன பிறகும் பதில் நிற்கவில்லை. மிச்சத்தை நான் கேட்டேன், க்யூவில் நின்றவர்களும் கேட்டார்கள்.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

சாலமோன் உபதேசியார் என்று ஒருவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சுவிசேஷப் பிரதிகள் நிறைந்த தகரப் பெட்டியோடு மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கி, பென்னாகரம் வரை சந்தை சந்தையாக நடந்தவர். எதிர்க்கேள்வி கேட்பவர்களோடு சந்தை கலையும்வரை வாதாடுவாராம்.

நாற்பதுகளில், யுத்த காலத்தில், பென்னாகரம் பக்கம் வாந்திபேதி பரவியது. ஊரைக் காலி செய்து ஜனங்கள் ஓட, இவர் உள்ளே போய் நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார். அதே நோயில் இவரும் போனார்.

அவர் மகள் ரூத்தம்மா பென்னாகரத்தில்தான் இருக்கிறார். புத்தகத்துக்காக சாரும் நானும் அவரைப் பார்க்கப் போனோம்.

"தண்ணி, தண்ணின்னு கேட்டாருங்க எங்கப்பா. வாந்திபேதிக்காரங்களுக்குத் தண்ணி குடுத்தா உசுரு போயிரும்னு எல்லாரும் சொல்லி வெச்சிருந்தாங்க. எனக்கு அப்போ ஒம்பது வயசு. அம்மா முன்னமே போயிட்டாங்க, வூட்ல நாங்க ரெண்டு பேருதான். பானையத் தூக்கிட்டுப் போயி வெளிய வெச்சுட்டேன். கேட்டுக்கிட்டே இருந்தாரு... அப்புறம் கேக்கல."

பிறகு சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "இத அப்படியே எழுதுங்கய்யா. யாருகிட்டயும் இதுவரைக்கும் சொன்னதில்ல. புஸ்தகத்துல வந்துட்டா எனக்குக் கொஞ்சம் பாரம் கொறையும்."

திரும்பும்போது பஸ்ஸில் சார் வாயைத் திறக்கவில்லை. அதுவே அதிசயம்.

அடுத்த வாரம் எழுதிக் கொண்டுவந்தார். சாரின் எல்லாப் புத்தகத்துக்கும் கடைசி அத்தியாயம் ஒரே மாதிரிதான்... ஊழியர் படுக்கையில், முகத்தில் ஒளி, வாயில் ஒரு வசனம், மெல்லக் கண் மூடுகிறார். இதிலும் அதே கதை.

கூடுதலாக ஒன்று. மகள் ரூத் செம்பில் தண்ணீர் கொடுக்கிறாள். அவர் இரண்டு மடக்கு குடித்துவிட்டு அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "சார், அந்தம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு. நடந்தத எழுதுங்கன்னாங்க. அதையே மாத்திட்டீங்களே?"

"படிக்கிறவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்மா."

"அப்போ அவங்க கஷ்டம்?"

"நீ டைப் பண்ணும்மா."

செய்தேன். கீபோர்டு உடையாமல் தப்பித்தது.

புத்தகம் வந்ததும் நானே பென்னாகரம் கொண்டுபோனேன். ரூத்தம்மாவுக்குக் கண் சரியில்லை என்பதால் படித்தும் காட்டினேன். கடைசி அத்தியாயத்தில் அவர் திட்டப் போகிறார், கூடச் சேர்ந்து நானும் திட்டலாம் என்று காத்திருந்தேன்.

"அந்த எடத்த இன்னொருக்கா படிங்க" என்றார். படித்தேன். புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த அம்மாவின் மனதை உடைத்துவிட்டீர்கள் என்று சாரிடம் வந்து கத்தினேன். சார் அடுத்த புத்தகத்தின் ப்ரூஃபை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார். ஊருக்கெல்லாம் கேள்வி-பதில் எழுதத் தெரிந்த மனிதர்! அதன் பிறகு எங்களுக்குள் வேலைப் பேச்சு மட்டும்தான்.

இன்று மதியம் சார் வீட்டுக்குப் போனேன். ரூத்தம்மா வந்திருந்தார். தொண்ணூறைத் தொடுகிற வயது, பேத்தி கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தாள். ஐஸ் பாக்ஸ் பக்கத்திலேயே சேர் போட்டு உட்காரவைத்தார்கள்.

பக்கத்தில் இருந்த ஒரு பெண், "நீங்க யாரும்மா?" என்று அவரை விசாரித்தார். "எங்கப்பாவப் பத்தி இவருதாங்க புஸ்தகம் எழுதுனாரு" என்று ஆரம்பித்தார் ரூத்தம்மா.

"கடைசில தண்ணி கேட்டாருங்க எங்கப்பா. நாந்தான் செம்புல குடுத்தேன். ரெண்டு மடக்கு குடிச்சாரு. என் தலைமேல கைய வெச்சாரு."

பொய் சொல்கிற முகமே இல்லை. அமைதியாக, ஊர் விஷயம் சொல்வது மாதிரி சொன்னார்.

நான் குனிந்து, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றேன். என் குரலை உடனே கண்டுகொண்டார்.

"டைப்பு அடிக்கிற அம்மாதான? நீங்களே சொல்லுங்க கண்ணு. அப்படித்தான நடந்துச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சார் கண்ணாடிக்குள் படுத்திருந்தார், வழக்கம்போல என்னை மாட்டிவிட்டுவிட்டு.

"ஆமாங்கம்மா" என்றேன்.

போய் வாருங்கள் சார். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை...