யஹ்யா தரையை எடுத்த முகூர்த்தம்

திகாம் பத்துவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் யஹ்யாவுக்கு ரொட்டி சானாய் என்ற பரோட்டாவை வீசத் தெரியாது. இருபது வயதில் வாப்பாவின் சாப்பாட்டுக்கடையில் ஆறு மாதம் வீசிப் பார்த்தார். ஒரு ரொட்டி மேலே போய் மின்விசிறியில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க ஏறியவர் விசிறியின் பழைய கோளாறையும் சரிசெய்துவிட்டு இறங்கினார். "நீ அந்தப் பக்கமே போயிரு" என்று வாப்பா கடை ஓரத்தில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். அந்த மேசைதான் பிறகு பக்கத்துக் கடையாக ஆனது. இப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. கம்ப்யூட்டருக்குள் தூசி தட்ட அவர் வைத்திருப்பது இன்றும் ரொட்டிக்கு எண்ணெய் தடவும் தூரிகைதான். எண்ணெய் படாதது, அவ்வளவே.

தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். சரிவரவில்லை என்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். அவசரக்காரர்கள் இதைப் பொறுக்காமல் பக்கத்துப் பெரிய ஊரான சுங்கைப் பட்டாணிக்குப் போய்விடுவார்கள். போகட்டும்.

கடை வாசல் நடைபாதையில் மருதம்மாள் பதினைந்து வருடமாகப் பூ கட்டி விற்கிறார். அவர் கதை அந்த வரிசைக் கடைகள் எல்லாவற்றுக்கும் தெரியும். இருபத்தெட்டு வருடத்துக்கு முன், வைகாசி மாதத்து மழைக் காலையில், ரப்பர் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் அவருக்குக் கல்யாணம் நடந்தது. அருந்ததி பார்க்கும் நேரத்தில் குருக்கள் தகரக் கூரையைக் காட்டி "தெரியுதாம்மா?" என்று கேட்டார். மருதம்மாள் "தெரியுது சாமி" என்றார். மூன்றே மாதத்தில் மாப்பிள்ளை கோலா கெடாவில் படகு வேலை என்று கிளம்பினார். போனவர் அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார். இப்போது மீன் விற்கிறார். மருதம்மாளைத் தவிர எல்லாரும் அவரிடம் மீன் வாங்கியிருக்கிறார்கள். நல்ல மீன் என்று வேறு சொல்கிறார்கள்.

மருதம்மாள் அந்த மனிதரை ஒரு நாளும் திட்டியதில்லை. பார்க்காத நட்சத்திரத்தைப் பார்த்ததாகச் சொன்ன தன் பொய்தான் குடும்பத்தைக் கெடுத்தது என்று நம்பினார். அந்த நம்பிக்கையை யாராலும் அசைக்க முடியவில்லை. மகள் ஜெயமலருக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"எம்மக ரெண்டு கண்ணால அருந்ததியப் பாக்கணும் தம்பி. பாத்த பெறகுதான் தாலி. இல்லன்னா நான் ஒத்துக்க மாட்டேன் லா."

காலை முகூர்த்தத்தில் நட்சத்திரத்துக்கு எங்கே போவது? இந்த இடத்தில் யஹ்யா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கம்ப்யூட்டர்ல பகல்லயும் பாக்கலாம்க்கா" என்று சொல்லித் தொலைத்தார். வானத்தை அப்படியே திரையில் காட்டும் ஒரு மென்பொருள் இருப்பதையும் சொன்னார். மாப்பிள்ளை லோகேஸ்வரன் தொழிற்சாலையில் டெக்னீஷியன். அவன் அன்றைக்கே அதைத் தன் மடிக்கணினியில் போட்டுக்கொண்டான்.

கல்யாணம் செமிலிங் கோயில் மண்டபத்தில், இந்த வைகாசியில். மேடைக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த பெரிய திரை நின்றது. யஹ்யா பூப்போட்ட புது பாத்தேக் சட்டையில், மனைவி ஷாஹீதாவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேளக்காரர்களுக்கு ஒரே உத்தரவு: திரையில் நட்சத்திரம் வந்ததும் கெட்டிமேளம்.

ஒன்பதே காலுக்கு வானம் வந்தது. வந்தது வானம்தானா என்பதில்தான் சந்தேகம். நட்சத்திரம் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சதுரங்கள், ஒவ்வொன்றும் வடைத்தட்டு அளவு. மேளக்காரர்கள் உத்தரவை மீறவில்லை. கெட்டிமேளம் முழங்கியது. முந்நூறு பேர் அட்சதை போட்டார்கள். மாப்பிள்ளை தாலியைத் தொடக்கூட இல்லை.

"யஹ்யா அண்ணே" என்று மேடையிலிருந்து லோகேஸ்வரன் கூப்பிட்டான். விரலில் தர்ப்பை மோதிரம், எதிரில் ஓமகுண்டம். எழுந்து வர வழியில்லை. "ரோசாக் ஆயிருச்சுண்ணே, ஓடவே மாட்டேங்குது. நேத்து நல்லா வேல செஞ்சுச்சு."

"நேத்து என்னா மாத்துன?"

"கல்யாணமாச்சேன்னு எல்லாத்தையும் ஆகத் தெளிவாக் காட்டுற மாரி ஏத்தி வச்சேன்."

யஹ்யா தலையில் அடித்துக்கொள்ளவில்லை, ஆனால் கை பாதி தூரம் போனது. மேடை ஓரத்தில் மடிக்கணினி இருந்த மேசைக்குப் போய், ஏற்றியதை இறக்கினார். சதுரங்கள் சின்னச் சதுரங்களாயின. பழையபடி வைத்தார். அந்த மடிக்கணினிக்குள் படம் வரைய இரண்டு சிப்புகள் இருந்தன; பெரிய திரைக்குப் போன வயர் நோஞ்சான் சிப்போடு சேர்ந்திருந்தது. வானம் காட்டும் நிரலைப் பலசாலி சிப்புக்கு மாற்றினார். திரை முழுக்கக் கறுத்தது. பிறகு, திரைக்கம்பெனியின் சின்னம் மட்டும் ஒரு நொடி மின்னிவிட்டுப் போனது.

அதற்கும் கெட்டிமேளம். அதற்கும் அட்சதை. கீபோர்டுக்குள் மஞ்சள் அரிசி இறங்கியது. யஹ்யா சட்டைப்பையிலிருந்து தூரிகையை எடுத்துத் தட்டினார்.

"பாய், முகூர்த்தம் பத்தரையோட முடியுது" என்றார் குருக்கள். "நான் சும்மா மேல காட்டிடறேனே."

"எனக்கும் அப்பிடித்தான் சாமி காட்டுனாங்க" என்றார் மருதம்மாள். குருக்கள் ஓமத்தில் இன்னொரு கரண்டி நெய் விட்டார்.

யஹ்யா சொன்ன ஒரு வார்த்தையை நம்பி ஒரு தாய் மகளின் தாலியை நிறுத்தி வைத்திருக்கிறார். மண்டபத்தில் இன்டர்நெட்டும் இல்லை, புது டிரைவர் இறக்க நேரமும் இல்லை. மீதி இருந்தது ஒன்றுதான்: எந்தச் சிப்பையும் நம்பாமல், நிரலே மெதுவாகப் படம் போட்டுக்கொள்ளும் பாதுகாப்பு முறை. நிரலை மூடி, அந்த முறையில் திறந்தார்.

வானம் வந்தது. பளிச்சென்ற நீல வானம், கிழக்கே சூரியன், கீழே பச்சைப் புல்தரை. ஒரு நட்சத்திரம்கூட இல்லை. மேளம் கொட்டியது. அட்சதை தீர்ந்துபோனதால் ஒருவர் முறுக்கை உடைத்துப் போட்டார்.

"காலையில காலை வானத்தத்தான் காட்டும்க்கா, அது பொய் சொல்லாது" என்று சொல்லிக்கொண்டே நிரலில் காற்றுமண்டலம் என்றிருந்த பொத்தானை அணைத்தார் யஹ்யா. சூரியன் இருக்கும்போதே வானம் இருண்டது, நட்சத்திரங்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாக, ஒழுங்காக வந்தன. தேடும் பெட்டியில் அருந்ததியின் பெயரைத் தட்டினார். அம்புக்குறி வடக்கே திரும்பி, நேரே கீழே இறங்கி, புல்லுக்குள் போய் நின்றது.

யஹ்யா அதை இரண்டு தடவை பார்த்தார். கோளாறு இல்லை.

"அக்கா, தரையையும் எடுக்கணும்" என்றார்.

"எடு தம்பி."

எடுத்தார். புல் மறைந்தது. காலுக்குக் கீழேயும் வானம். அதில், ஆழத்தில், வசிஷ்டரை ஒட்டி ஒரு சின்னப் புள்ளி. மேளக்காரர்கள் கொட்ட மறந்தார்கள்; மண்டபமே எட்டிப் பார்த்தது. குருக்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வைகாசிக் காலையில அது கீழதான் இருக்கும் சாமி" என்றார் யஹ்யா. "தைக் கல்யாணம்னா மேல இருக்கும்."

"முப்பது வருஷமா நான் மேலதான் காட்டிட்டு இருக்கேன்" என்றார் குருக்கள்.

மருதம்மாள் மெல்ல வந்து யஹ்யாவின் பக்கத்தில் நின்றார். "என் கல்யாணத் தேதியப் போடு. மே இருபத்தாறு. இதே நேரந்தான். மழ."

யஹ்யா வருடத்தைக் கேட்டுப் போட்டார். நிரல் இருபத்தெட்டு வருடம் பின்னால் போனது. புள்ளி அசைந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அதே வடக்கு, அதே ஆழம்.

"அப்ப அன்னைக்கும் கீழதானா?"

"ஆமாக்கா."

"மழ இல்லன்னாலும்?"

"யாருக்குமே தெரிஞ்சிருக்காதுக்கா."

மருதம்மாள் மடிக்கணினியில் அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார். கண் நிறைந்தது, ஆனால் அழவில்லை. "அப்ப அந்தாளு சும்மாத்தான் ஓடிருக்கான்" என்றார். பிறகு, இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக, கோலா கெடா திக்கைப் பார்த்து ஒரு நல்ல கெட்ட வார்த்தை சொன்னார். மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. ஷாஹீதா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சாமி, தாலியக் கட்டச் சொல்லுங்க."

பத்து இருபத்தைந்துக்குத் தாலி ஏறியது. கூடையில் மீந்திருந்த உதிரிப்பூவை அள்ளி எல்லாருக்கும் கொடுத்தார் மருதம்மாள். அந்தச் சமயத்தில் திரை மறுபடியும் கறுத்து அணைந்தது. யஹ்யாவைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. அவர் அதைத் தொடவும் இல்லை.

அருந்ததி பார்க்கும் சடங்கு வந்தது. குருக்கள் பழக்கதோஷத்தில் கையை மேலே தூக்கி, பாதியில் நிறுத்தி, கீழே இறக்கி, மேடைக் கம்பளத்தை வடக்குப் பார்த்துக் காட்டினார். மணமக்கள் குனிந்தார்கள். முந்நூறு பேரும் தங்கள் கால்களைப் பார்த்தார்கள்.

"தெரியுதாம்மா?" என்றார் குருக்கள்.

ஜெயமலர் கம்பளத்தை உற்றுப் பார்த்தாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"தெரியல சாமி."

"அதான், அதான்" என்றார் மருதம்மாள். மேளக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். "இதுக்குக் கொட்டுங்க லா."